முப்பத்தொன்றாம் மனை

புயல் அடித்த பதினாறாம் நாள், நன்னிலத்திலிருந்து ஜீப்பில் வந்த தாசில்தார் கீழத்தெரு ஜனங்களைப் பள்ளிக்கூடத்து வாசலில் கூட்டி, இலுப்பைத்திடலை அவர்களுக்குக் குடிமனையாகக் கொடுக்க உத்தரவாகியிருக்கிறது என்றார். சங்கத்துத் தலைவர் இராஜாங்கம் ஓரடி முன்னால் வந்து, "ஐயா, இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார். தாசில்தார் இன்னொரு தரம் சொன்னார். அப்புறம்தான் பெண்கள் பக்கமிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது.

அம்சவல்லி குலவையிடவில்லை. கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்ற புருஷனைத் தேடினாள். செல்லதுரை ஜீப்பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கீழமருதங்குடியில் கீழத்தெரு இருந்தது வடிகால் ஓரம். ஊர் வயல்களின் தண்ணீரெல்லாம் இறங்கிப் போகிற வழி அது. ஐப்பசி கார்த்திகையில் அடுப்புக்குள் தண்ணீர் நிற்கும். கட்டிலுக்குக் கீழே தவளை கத்தும். எழுபத்தேழாம் வருஷத்துப் புயல், வெள்ளத்துக்கு நின்று பழகிய அந்தக் குடிசைகளையும் காற்றில் தூக்கிக்கொண்டு போயிற்று. நாற்பத்திரண்டு குடும்பங்களும் பள்ளிக்கூடத்தில் இருந்தன. மேட்டில் ஒரு இடம் வேண்டும் என்று பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொடி பிடித்திருக்கிறார்கள், நடவை நிறுத்தியிருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு தடவையாவது போலீஸ் வேனில் ஏறியிருக்கிறார்கள். இப்போது கிடைத்துவிட்டது.

திடல் என்பது வயல்மட்டத்துக்கு ஓர் ஆள் உயரம் எழும்பி நின்ற மேடு. அதில் அறுபத்திரண்டு இலுப்பை மரங்கள். யார் வைத்தது, தானாக வந்ததா, யாருக்கும் தெரியாது.

அந்த ஊரில் வயல்களுக்கெல்லாம் மரத்தின் பெயர்தான். மருதடி, நாவற்காடு, புன்னைக்கட்டளை, வன்னிமேடு. கிராமத்து அடங்கல் கணக்கிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் மருதடியில் மருது கிடையாது, நாவற்காட்டில் நாவல் கிடையாது. கண்ணுக்கெட்டின மட்டும் நெல். ஜெர்மன் சண்டைக் காலத்தில் நிலக்கரி வராமல் ரயிலுக்கு விறகு என்று கொஞ்சம் போயிற்று. செங்கல் சூளைக்குக் கொஞ்சம். கடைசியில் ஆடுதுறை நெல் வந்து இரண்டு போகம் என்றானதும், நிழல் விழுந்தால் கதிர் பிடிக்காது என்று வரப்பில் நின்ற புங்கனும் பூவரசும்கூடப் போயின. செல்லதுரையின் அப்பா அதில் பாதியை வெட்டியவர். செல்லதுரையும் பதினைந்து வயதிலிருந்து கோடாலி பிடித்தவன். வயலில் வேலையில்லாத மாதங்களில் அவர்களுக்குச் சோறு போட்டது அதுதான்.

இலுப்பைத்திடல் மட்டும் தப்பியதற்குக் காரணம் கோயில். வருஷா வருஷம் விளக்குக்கு இலுப்பெண்ணெய் கொடுக்கவேண்டிய கடமை திடலை வைத்திருந்த பண்ணைக்கு இருந்தது. பிறகு உச்சவரம்புச் சட்டம் வந்தது. மிச்ச நிலத்தை ஒப்படைக்கச் சொன்னபோது நெல் விளைகிற வயலை யார் கொடுப்பார்கள்? பண்ணையார் திடலை எழுதிக்கொடுத்தார். மண் சர்க்காருடையது, மரம் என்னுடையது என்று ஒரு வரியும் சேர்த்து எழுதினார். காகிதம் ஆறு வருஷம் ஏதோ ஓர் அலமாரியில் கிடந்தது. புயல்தான் அதை வெளியே எடுத்தது.

பங்குனி முடிவதற்குள் மரங்களை வெட்டி எடுத்துவிடவேண்டும், அதற்கிடையிலேயே மனை அளந்து எண் போடுவார்கள், பட்டா அப்புறம் என்று தாசில்தார் சொல்லிப்போனார்.

அன்று சாயங்காலம் செல்லதுரை, "மேடு கெடைச்சிடுச்சு" என்றான். அம்சவல்லி, "ஆமா" என்றாள். அதற்குமேல் இருவரும் பேசவில்லை. பேசியிருந்தால் கவட்டை மரத்தைப் பற்றிப் பேசவேண்டி வந்திருக்கும்.

ஆறு வருஷம் முந்தி, குறுவை அறுப்பு சமயத்தில், அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டுக் கீழத்தெரு வேலைக்கு இறங்கவில்லை. பண்ணை வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து போலீஸ் காவலில் அறுத்தது. சுடுகாட்டுக்குப் போகிற பாதை பண்ணை வயல் நடுவே போகிறது. அதில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். அந்த வாரம்தான் அம்சவல்லிக்குப் பெண்குழந்தை பிறந்தது. மழை விடவே இல்லை. குடிசைக்குள் கணுக்கால் தண்ணீர். பரணில் படுக்கவைத்திருந்த குழந்தைக்கு ஒன்பதாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டது. பதினோராம் நாள் நடுச்சாமத்தில் மூச்சு நின்றுவிட்டது.

செல்லதுரை முள்ளடைப்பு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். முள்ளுக்கு அப்பால் பாதையே தெரியவில்லை, தண்ணீர். சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் நிற்காத ஒரே இடம் திடல்தான். பண்ணைக்குத் தெரிந்தால் தோண்டி எடுத்துப் போடுவார்கள் என்ற பயம். யாரையும் கூப்பிடவில்லை. அவன் குழந்தையைப் பழைய சேலையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டான். அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். பிள்ளை பெற்ற உடம்போடு மழையில் அவன் பின்னால் நடந்தாள்.

நெஞ்சு உயரத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கும் மரம் ஒன்று திடலின் கீழ்க்கோடியில் இருந்தது. கவட்டை மரம் என்பார்கள். அதன் அடியில் வைத்தார்கள். நரி தோண்டாமல் மேலே வைக்க அந்தச் சீமையில் கல் ஏது? பாழாய்க் கிடந்த பம்புசெட்டுக் கொட்டகைச் செங்கலை நாலு தடவை நடந்து கொண்டுவந்து அடுக்கினான் செல்லதுரை. திரும்பி வரும்போது விடிந்துவிட்டது. அதற்கப்புறம் அவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வேறு குழந்தையும் பிறக்கவில்லை.

மாசி பிறந்து பூ விழ ஆரம்பித்தால் பெண்கள் விடியலில் கூடையோடு திடலுக்குப் போவார்கள். இலுப்பைப் பூவை வறுத்து இடித்தால் சர்க்கரை வேண்டாம். ஆனியில் கொட்டை பொறுக்கப் போவார்கள். அம்சவல்லியும் போவாள். கவட்டை மரத்தடியை அவள் முதலிலேயே கூட்டிவிட்டு வேறு மரத்துக்குப் போய்விடுவாள். யாரும் அதைக் கவனித்ததில்லை.

மனைக்குச் சீட்டுக் குலுக்கல் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பித்தளைக் குடத்தில் கைவிட்டு அம்சவல்லி எடுத்தது நான்காம் எண். ரோட்டோரம், நல்ல மேடு, பக்கத்தில் அடிகுழாய் வரப்போகிறது. "உனக்குத்தான்டி அதிர்ஷ்டம்" என்று தோளில் தட்டினார்கள். கடைக்கோடி முப்பத்தொன்றாம் மனை செவ்வந்திக்கு விழுந்தது. கவட்டை மரம் நின்றது அந்த மனையில். செவ்வந்தியின் புருஷன் திருவாரூரில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன். வாரத்துக்கு ஒருமுறை வருவான். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு தனியே சமாளித்துவந்தாள். "வாய்க்கால ஒட்டியா விழணும் எனக்கு? அங்கேயிருந்து தப்பி இங்க வந்தும் தண்ணியோடதான் வாழணுமாட்டம் இருக்கு" என்று சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மரங்களைப் பண்ணையிடம் வாங்கியவர் நாகப்பட்டினத்துப் பக்கம் கடலோரத்தில் படகு கட்டுகிற நீலமேகம். ஐம்பது வயது, கறுத்து வற்றிய உடம்பு. புயல் அந்தக் கரையில் உருப்படியாக ஒரு படகை விட்டுவைக்கவில்லை. இலுப்பை கடல்தண்ணீரில் ஊறினாலும் உளுக்காது என்று தேடி வந்திருந்தார். முதல் நாள் ஒவ்வொரு மரமாகப் போய்க் கைக்கோடாலியின் பின்புறத்தால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, வேண்டியதற்குக் காவியால் கோடு போட்டார். நேராக வளர்ந்தது அறுவை மில்லுக்கு. வளைந்தும் பிரிந்தும் நின்றதுதான் அவருக்குப் படகின் விலாவுக்கும் மூக்குக்கும் வேண்டும். கவட்டை மரத்துக்கு இரண்டு கோடு போட்டார்.

வெட்டுக்கு உள்ளூர் ஆட்கள் எட்டுப் பேர். செல்லதுரை அவர்களில் ஒருவன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் புயலில் தாளடிப் பயிர் படுத்துப்போய் அந்த வருஷம் வயலில் வேலையே இல்லை.

பூக்காலத்தில் வெட்டினார்கள். மரம் சாயும்போது பூ மழையாகக் கொட்டியது. ரம்பத் தூளும் பூவும் கலந்து திடல் முழுக்க ஒரு புளித்த இனிப்பு வாசம். பெண்கள் சாய்ந்த கிளைகளிலிருந்தே பூவை உருவி எடுத்தார்கள். அம்சவல்லியும் இரண்டு கூடை எடுத்தாள். வீடு வேண்டும், மரம் போகத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஒவ்வொரு மரம் விழும்போதும் கடைக்கோடிப் பக்கம் கண் போவதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் கஞ்சித் தூக்கோடு போனாள். நீலமேகம் செல்லதுரையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தக் கவட்டை மரத்த நாளைக்கு எடுத்துரலாமா?"

"அது ஒண்ணுக்கும் ஆகாதுங்க மேஸ்திரி. உள்ளுக்குள்ள பொந்து. செல்லரிச்சுக் கெடக்கு. வெட்டுனா வெறகுக்குத்தான் ஆகும்."

"நான் தட்டிப் பாத்தனே?"

"மேல நல்லாருக்குங்க. அடியில பொந்து."

அம்சவல்லி தூக்கைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். காய்ச்சல் என்று பொய் சொல்லுவான், சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லுவான். ஆனால் மரத்தைப் பற்றி அவன் பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. தான் வெட்டியது கோணலாகப் போனால்கூட, கை தவறிவிட்டது என்று எஜமானிடம் தானே போய்ச் சொல்கிறவன்.

பொழுது சாய்வதற்குள் செவ்வந்தியைத் தேடிப் போனாள். பள்ளிக்கூடத்துப் பின்னால் செவ்வந்தி சின்னவனுக்குத் தலை குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"செவ்வந்தி, என் நாலாம் நம்பர நீ எடுத்துக்க. முப்பத்தொண்ண எனக்குக் குடு."

செவ்வந்தி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏங்க்கா, நாலாம் நம்பர்ல எதாச்சும் வில்லங்கமா? கோர்ட்டு கேசுன்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்புறம் யாருக்கா ரோட்டோரத்த விட்டுட்டுப் பள்ளத்துக்குப் போவாங்க?"

அம்சவல்லி சொன்னாள். முதன்முதலாக ஒருத்தரிடம் சொல்வதால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. செங்கலில் ஆரம்பித்தாள். நாலு நடை என்றாள். அப்புறம் முன்னும் பின்னுமாக வந்தது.

செவ்வந்தி சின்னவனைத் துவட்டாமலே மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "தண்ணியில விட்டுட்டீங்கன்னுதான்க்கா தெருவே நெனச்சிச்சு" என்றாள் மெதுவாக. "அதான் யாரும் உங்கிட்ட எதுவும் கேக்கல. கேட்டா உனக்குத் தாங்காதுன்னு பெரியவங்க சொல்லிவச்சிருந்தாங்க."

அம்சவல்லிக்கு இது புதிது. ஆறு வருஷமாக யாரும் கேட்காமல் இருந்தது, யாருக்கும் நினைவில்லாததால் என்று நினைத்திருந்தாள்.

"மனையில அப்படி ஒண்ணு இருக்குன்னா உனக்குப் பயமா இருக்குமேன்னும் நெனச்சேன்" என்றாள்.

"எனக்குன்னா இருக்கும். உனக்கு என்னக்கா பயம், நீ பெத்ததுதானே." செவ்வந்தி குழந்தையின் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். "மாத்திக்குவோம். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். ரோட்டோரம் எனக்கு ஆசைதான், இல்லன்னு சொல்லமாட்டேன். அந்த ஆசைக்காக ஒத்துக்கிட்டேன்னு மட்டும் நெனச்சுக்காத."

"நெனைக்கமாட்டேன்."

மறுநாள் காலையில் இருவரும் சர்வேயர் ஜெகபர் அலியிடம் போனார்கள். அவர் திடலின் மூலையில் சங்கிலியை இழுத்துக் கொண்டிருந்தார். மனை எண்களைப் பென்சிலில்தான் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை மையில் எழுதிவிட்டால் அப்புறம் அவர் கையிலும் இல்லை. அம்சவல்லியை ஏற இறங்கப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணு சரிவுல இருக்கும்மா. நல்ல மழை வந்தா வாய்க்கா ஏறும். தெரிஞ்சுதான் கேக்குறியா?"

"தெரியுங்க."

"நாளைக்கு வந்து அழக்கூடாது."

"அழமாட்டேங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து இரண்டு பெயரையும் அழித்து, ஊதி, மாற்றி எழுதினார். காரணம் கேட்கவில்லை.

அன்று வேலை முடிந்து செல்லதுரை வாய்க்காலில் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது அம்சவல்லி கரையில் வந்து உட்கார்ந்தாள். பாதித் திடல் வெறுமையாகி அந்தப் பக்கத்து ரோடு தெரிந்தது. அதுவரை அங்கேயிருந்து ரோட்டைப் பார்த்ததே இல்லை.

"மனைய மாத்திட்டேன்" என்றாள்.

அவன் எந்த மனை என்று கேட்கவில்லை. தண்ணீரிலேயே நின்றான். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க என்னைக் கேட்டுட்டா பொந்துன்னு சொன்னீங்க?"

அவன் கரையேறி அவளுக்கு ஓர் ஆள் தள்ளி உட்கார்ந்தான். "நீ மறந்திருப்பேன்னு நெனச்சேன்" என்றான். "மறந்தவள எதுக்குக் கெளறணும்னுதான்…"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆம்பள, வேல வேலன்னு மறந்திருப்பாருன்னு."

"எப்படி மறக்கும்." அவன் ஈரக் கையைப் பார்த்தான். "தூக்கிட்டுப் போறப்ப கனமே இல்ல, வல்லி. துணிதான் கனத்துச்சு. துணி நனைஞ்சு கனத்துச்சு."

அவள் நகர்ந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தோளில் ரம்பத் தூள் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டாள். அப்படியே கையை அங்கேயே வைத்துக்கொண்டாள். அவன் அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆறு வருஷமாக அவள் தனியே அழுதிருந்தாள். அவன் இப்போதுதான் ஆரம்பித்தான்.

"ஒங்க மாதிரி காது அதுக்கு" என்றாள் அவன் ஓய்ந்ததும். "மடல் ஒட்டியே இருக்கும்."

"நான் பாக்கலயே."

"நீங்க எங்க பாத்தீங்க. எடுக்கவே பயந்தீங்க, ஒடைஞ்சிடும்னு."

அவன் சிரித்தான். இருட்டுகிறவரை இருவரும் அந்தப் பதினோரு நாளைப் பற்றியே பேசினார்கள். எந்த நாள் என்ன செய்தது, எப்போது கண் திறந்தது, தும்மியபோது யார் முதலில் சிரித்தது. அவன் சிலது தப்பாகச் சொன்னான். அவள் திருத்தினாள்.

மனை மாற்றியாகிவிட்டது. ஆனால் மரம் நீலமேகத்துடையது. அதைத்தான் இருவரும் மறந்துபோயிருந்தார்கள்.

மறுநாள் காலையில் அவர் கடைக்கோடிக்கு வந்து கவட்டை மரத்தின் அடியில் குந்தி உட்கார்ந்து, தரையிலிருந்து மேலே மேலே தட்டிக்கொண்டே போனார். வெண்கலத்தைத் தட்டியதுபோல் ஒலித்தது. வெட்டுக்காரர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள்.

"தம்பி, இங்க வா. பொந்து எங்க இருக்கு, காட்டு."

செல்லதுரை வந்து நின்றான்.

"முப்பது வருஷமா மரம் தட்டுறேன். தப்பாச் சொன்னியா, பொய் சொன்னியா?"

"பொய்தாங்க" என்றான்.

மனையில் செத்தை அரித்துக்கொண்டிருந்த அம்சவல்லி முன்னால் வந்தாள். "ஐயா, அவர ஒண்ணும் சொல்லாதீங்க. எங்க புள்ளைய இதுக்கடியில வச்சிருக்கோம்" என்றாள். எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் இரண்டாந் தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

நீலமேகம் எழுந்து, உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"பேரு என்ன?"

"பேரு வைக்கலீங்க. பதினோரு நாளுதான்."

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "என் அக்கா மவன் காயாரோகணம். புயலுக்கு மொத நாள் கடலுக்குப் போனவன். படகோட பலகை ஒண்ணு வேளாங்கண்ணிப் பக்கம் ஒதுங்குச்சு. அவன் வரல. அக்கா தெனமும் கரைக்கு வந்து நிக்குது. வைக்கிறதுக்கு ஒண்ணு கெடைச்சிருந்தா வீட்டோட இருந்திருக்கும்." அவர் மறுபடி மரத்தை அண்ணாந்து பார்த்தார். "ஆனா தங்கச்சி, நானும் பொய் சொல்லக்கூடாது. இந்த வளைவு எனக்கு வேணும். மூணு படகு மூக்கில்லாம நிக்குது. அதுங்க கடல்ல எறங்குனாத்தான் எங்க தெருவுல அடுப்பெரியும்."

அவர் மரத்தை ஒரு சுற்று சுற்றினார். கிழக்குப் பக்கம், பிரிவுக்கு மேலே, ஓர் ஆள் கட்டிப்பிடிக்கிற பருமனில் ஒரு கிளை அரிவாளாக வளைந்து வாய்க்காலுக்கு மேல் நீண்டிருந்தது. அதைக் காட்டினார்.

"இத எடுத்தா மரம் நிக்குமா?"

"நிக்குங்க" என்றான் செல்லதுரை. "நானே எறக்குறேன். வேற யாரும் கை வைக்க வேணாம்."

அரை நாள் ஆயிற்று அந்த ஒரு கிளைக்கு. நுனியைக் கழித்து, மூன்று வடம் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, தரையில் மோதாமல் வாய்க்கால் பக்கமாகவே இறக்கினான். கீழே வடம் பிடித்தவர்களில் நீலமேகமும் ஒருவர். வெட்டுவாயில் பால் வடிந்தது. அம்சவல்லி சாணியும் களிமண்ணும் பிசைந்து மேலே அனுப்பினாள். செல்லதுரை அதை வழித்துப் பூசி, சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டு இறங்கினான். கிளையை லாரியில் ஏற்றும்போது நீலமேகம் அவனைப் பார்த்து, "வேலை தெரிஞ்சவன்ப்பா நீ. இனிமே மரத்தப் பத்தி எங்கிட்டப் பொய் சொல்லாத" என்றார்.

கெடு முடிகிற அன்று பண்ணைக் காரியக்காரர் வந்து, ஒரு மரம் மட்டும் ஏன் நிற்கிறது என்று கேட்டார். "எனக்கு வேண்டியத எடுத்துக்கிட்டேன். மிச்சத்த என்ன செய்யணும்னு வாங்கினவனுக்குத் தெரியும்" என்று நீலமேகம் சொல்லிவிட்டார்.

மற்ற அறுபத்தொரு மரங்களும் போயின. வேரைத் தோண்டி எடுக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. அம்சவல்லியும் தோண்டினாள், அந்த வருஷம் முழுக்க அவள் அடுப்பில் அந்த வேர்தான் எரிந்தது. வௌவால்கள் ஒரு வாரம் மாலையில் வந்து வெற்று வானத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் எல்லாம் கவட்டை மரத்துக்கே வந்து சண்டை போட்டன. அப்புறம் வேறெங்கோ போய்விட்டன. சித்திரையில் திடல் கொதித்தது. புது மனையில் சுவர் வைத்துக்கொண்டிருந்தவர்கள் மத்தியானமானால் ஒதுங்க நிழல் தேடினார்கள். "மனை குடுங்கன்னுதான் கேட்டோம், வெயிலையும் சேத்துக் குடுத்துட்டானுங்க" என்றார் இராஜாங்கம். சிரித்தார்கள். ஆனால் யாரும் வடிகாலுக்குத் திரும்பிப் போக ஆசைப்படவில்லை.

செல்லதுரையும் அம்சவல்லியும் மனையின் மேல்பக்கத்தில் மண்சுவர் எழுப்பிக் கீற்று வேய்ந்தார்கள். மரத்தடியில் அவள் விளக்கு வைக்கவில்லை, படைக்கவும் இல்லை. அங்கே மட்டும் கட்டைத்துடைப்பத்தால் கூட்டாமல் கையால் சருகைப் பொறுக்கினாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. சர்வேயர் சொன்னபடியே வாய்க்கால் ஏறியது. மேலே நாற்பத்தோரு வீடுகளும் காய்ந்த தரையில் இருக்க, முப்பத்தொன்றாம் மனையில் மூன்றாம் நாள் தண்ணீர் வாசற்படியைத் தாண்டியது. செல்லதுரை பரணில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது, சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு செவ்வந்தி முழங்கால் தண்ணீரில் வந்து நின்றாள்.

"எத்தன தரம் ஆளனுப்புறது? வரமாட்டீங்களா?"

"இல்லம்மா, எறங்கிடும்…" என்று இழுத்தான் செல்லதுரை.

அவள் நேரே உள்ளே போய் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலையைச் சோற்றோடு துணியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். சோறு போனபின் அவர்களும் பின்னால் போக வேண்டியதாயிற்று.

நான்காம் மனையில் ஆறு நாள் இருந்தார்கள். செவ்வந்தியின் சின்னவன் அம்சவல்லியின் வயிற்றில் கால் போட்டுக்கொண்டுதான் தூங்கினான்.

வெள்ளம் வடிந்ததும் செல்லதுரை தனியாக மண் சுமந்து தரையை உயர்த்த ஆரம்பித்தான். இரண்டாம் நாள் இராஜாங்கம் ஒரு கூடையோடு வந்தார். பிறகு வீட்டுக்கு ஒருத்தர் வந்தார்கள், யாரும் கூப்பிடவில்லை. வாய்க்கால் வண்டலை வெட்டி, கையிலிருந்து கைக்குக் கூடை மாற்றி, மூன்று நாளில் தரையை ஒரு முழம் ஏற்றிவிட்டார்கள். தரை ஏறியதில் வாசல் குட்டையாகிப்போனது. முதல் நாளே செல்லதுரை நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு, "ஐயோ" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அம்சவல்லி ஓடிவந்து பார்த்து, அடி பெரிதில்லை என்று தெரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். குனிந்து நுழையப் பழக அவனுக்குத் தை மாதம் வரை ஆயிற்று.